கூட்டத்துக்கு வராதவர்கள்



சென்ற மாதம் கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். அவர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் செயலாளர். "சங்கத்தில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறோம். கூட்டத்துக்கு இருபது பேர் வருவார்கள். கதைப்பது ஐந்து பேர். எப்போதும் அதே ஐந்து பேர்தான். மற்றவர்கள் 'நீங்கள் சொன்னால் சரி' என்று விட்டு எழும்பிப் போவார்கள். பிறகு கிணற்றடியில் நின்று குறை சொல்வார்கள். என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார்.

வாசித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. சகோதரியைப் பார்த்து அல்ல, என்னை நினைத்துத்தான். பேராதனையில் சமூகவியல் படித்து, பங்குபற்றல் முறைகள் பற்றி இரண்டு செயலமர்வுகளில் சான்றிதழும் வாங்கிய நான், என் சொந்த மலையகத்தில் நடத்திய ஒரு கூட்டத்தில் அந்த ஐந்து பேரைக் கூடச் சரியாகக் கேட்கவில்லை. அந்தக் கதையையே இம்முறை எழுதுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். மேலே மூன்று லயங்கள், நடுவில் கோயிலும் பிள்ளைக் காம்பராவும், பள்ளத்தில் இரண்டு லயங்கள். அதற்கும் கீழே ஓடையைத் தாண்டினால் சிங்களக் கிராமம். வடக்கு, கிழக்கில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் காம்பராக்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு குடும்பம். பிள்ளைக் காம்பரா என்பது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்.

அந்தத் தோட்டத்துக்குக் குடிதண்ணீர்த் திட்டம் ஒன்றுக்கு எங்கள் நிறுவனத்தின் மூலம் பணம் கிடைத்தது. இது ஏன் பிரதேச சபையின் வேலையாக இருக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதனால் தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதில் தடை இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சபைக்கு வாக்குப் போடும் உரிமை இருந்தும் சபையின் தண்ணீர் கிடைக்காத காலம் அத்தனை நீண்டது. சட்டம் மாறினாலும் சபைகளின் கையில் பணம் குறைவு. ஆகவே எங்களைப் போன்றவர்களின் வேலை இன்னும் இருக்கிறது.

கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு, கோயில் மண்டபத்தில் வைத்தேன். வேலை நாளில் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள், ஞாயிறு விடுமுறை என்று யோசித்தேன். பிரட்டுக் களத்தில் சொல்லிவிடும்படி தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டேன். பிரட்டுக் களம் என்றால் காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அவரும் சொன்னார். அறுபது பேரளவில் வந்தார்கள். மேசை, விரிப்பு, பூச்சாடி எல்லாம் இருந்தன. தலைவர் அரை மணி நேரம் பேசினார். நான் இருபது நிமிடம் பேசினேன். கோயிலுக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, கோயிலுக்குப் பக்கத்தில் பெரிய தொட்டி கட்டுவது என்று தீர்மானம். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். வரவுத்தாளில் கையெழுத்து வாங்கி, "சமூகத்தின் பூரண சம்மதத்துடன்" என்று அறிக்கையும் எழுதிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் குழாய் அளப்பதற்காகப் பள்ளத்து லயத்துக்குப் போனபோதுதான் ஒரு அக்கா கேட்டார்: "ஏதோ தண்ணி வருதாமே மிஸ், யாருக்கு?"

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது கோயில் மண்டபம் இல்லியா. நாங்க எப்ப அதுக்குள்ள உக்காந்திருக்கோம்?"

நான் பிறந்ததும் இதே மாவட்டத்தில், இதே மாதிரி ஒரு லயத்தில்தான். எனக்குத் தெரியாத விடயமா இது? தெரியும். சாதி பற்றித் தோட்டத்தில் எவரும் வாய் திறந்து பேசமாட்டார்கள், ஆனால் யார் எந்த லயத்தில் இருக்கிறார்கள், யார் மண்டபத்தின் எந்தப் படியில் நிற்பார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். மண்டபம் வசதியானது, கூரை இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தேன். தெரிந்ததை மறந்துவிட்டு இடத்தைத் தெரிவு செய்தேன் என்பதுதான் உண்மை.

அன்று மாலை வரை அந்த லயத்திலேயே இருந்தேன். ஒவ்வொரு காம்பராவிலும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது. ஞாயிறு காலையில் வேதக்காரக் குடும்பங்கள் பூசைக்குப் போய்விடுகின்றன. மற்றப் பெண்களுக்கு ஞாயிறு விடுமுறை என்பதே பொய். ஒரு கிழமையின் உடுப்பு, விறகு, கடை எல்லாம் அன்றைக்குத்தான். சுகயீனமான மாமியாரை விட்டு வரமுடியாதவர் ஒருவர். மாதவிலக்கானதால் கோயில் பக்கம் வராதவர்கள் மூவர். இதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. எந்தக் கூட்டத்திலும் இருக்கும் பெண்களில் சிலருக்கு அந்த நாட்கள் வந்தே தீரும். கோயிலில் கூட்டம் வைத்தால் அவர்களைக் கழித்துவிட்டுத்தான் வைக்கிறோம்.

கடைசிக் காம்பராவில் ஒரு பெண் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய தாயும் தகப்பனும் மலையை விட்டுக் கிளிநொச்சிக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஆண்டிலும் 1981, 1983 ஆண்டுகளிலும் அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலர் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த அக்கா அங்கே பிறந்து, அங்கே மணமுடித்து, 2009இல் கணவரை இழந்து, முகாமில் இருந்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுடன் தாய்மாமன் வீட்டைத் தேடி மலைக்கு வந்தவர். தோட்டத்தில் அவருக்குப் பேர் இல்லை. அதாவது தோட்டப் பதிவில் தொழிலாளியாக அவர் இல்லை, வெளியில் கைக்காசுக்கு மரக்கறித் தோட்டங்களில் வேலை செய்கிறார். பேர் இல்லாதவர் பிரட்டுக்குப் போவதில்லை. ஆகவே என் அறிவித்தல் அவரை எட்டவே இல்லை.

"அடுத்த முறை நேரில் வந்து சொல்கிறேன், வாருங்கள் அக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கையெழுத்து வைக்க வேணுமோ?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். கூட்டம் என்று கூப்பிட்டால் வீட்டுக்கு ஒருவரைக் கேட்பார்கள் என்று இருந்த காலம் ஒன்று, பெயரைப் பதிந்தால் பின்னால் யார் வருவார்கள் என்று தெரியாத காலம் இன்னொன்று. இரண்டையும் கண்டவருக்கு நான் நீட்டும் வரவுத்தாள் வெறும் தாள் அல்ல. எங்கள் நிறுவனத்துக்கோ அந்தத் தாள் இல்லாவிட்டால் தேநீர்ச் செலவுக்குக் கணக்கு இல்லை! அன்றிலிருந்து வருபவர்களைத் தலையால் எண்ணி, விரும்பியவர்கள் மட்டும் பெயர் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். காரியாலயத்தில் இதற்கு ஒப்புதல் வாங்க இரண்டு மாதம் சண்டை பிடித்தேன். அது வேறு கதை.

தோட்டத்தில் ஒரு கூட்டம் கூட்டுவது எப்போதும் லேசான காரியமாக இருந்ததில்லை. 1931இல் அட்டனில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று முதல் தொழிற்சங்கத்தைத் தொடங்கிய காலத்தில், வெளியார் தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றம். அதற்கு முன்பே அவர் புடவை வியாபாரி போல வேடமிட்டு லயங்களுக்குப் போனதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் முதலில் பாடுவார். தொழிலாளரின் துன்பத்தைத் தானே பாட்டாகக் கட்டி, அவர்களுக்குப் பழக்கமான மெட்டில் பாடுவார். எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள் நிறைந்த கூட்டத்தில், பேச்சுக்கு முன் பாட்டு என்பது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று இப்போது நினைக்கிறேன். நான் மேசையும் பூச்சாடியும் வைத்தேன்.

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். தொழிற்சங்கச் சந்தா அவர்கள் சம்பளத்திலிருந்தும் மாதாமாதம் வெட்டப்படுகிறது. ஆனால் தோட்டத் தலைவர் என்றால் அநேகமாக ஆண்தான். செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பணியாற்றிய மேனகா கந்தசாமியைப் போன்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். இதற்கு நேரமும் ஒரு காரணம். பல தோட்டங்களில் ஆண்களின் வேலை பிற்பகல் ஒரு மணி, இரண்டு மணியோடு முடிந்துவிடும். பெண்கள் நாலரைக்குப் பிறகு கொழுந்து நிறுத்து, பிள்ளையை எடுத்து, அடுப்பு மூட்ட வேண்டும். தலைவர்கள் துரையைச் சந்திப்பதும் கூடிக் கதைப்பதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

2015 செப்டெம்பரில் கேரளத்து மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். அவர்களும் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். போனஸ் 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களான ஆண்களைப் பக்கத்தில் வரவிடவில்லை. "பெம்பிளை ஒருமை" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில், குறைக்கப்பட்ட பங்கைக் கருணைத் தொகை என்ற பெயரில் சேர்த்து 20 வீதமாகவே கொடுக்க நிர்வாகம் உடன்பட்டது. எங்கள் தோட்டத்தில் அப்படி யாரையும் துரத்த முடியாது, துரத்தவும் நான் விரும்பவில்லை. அந்தத் தண்ணீர்ப் பணத்துக்காகத் தலைவர் தன் கைக்காசைச் செலவழித்து அட்டனுக்குப் பதினொரு தடவை வந்து போனவர். ஆனால் பெண்கள் தனியாக உட்கார்ந்து கதைக்க முதலில் ஒரு இடம் வேண்டும் என்பதை மூணாறிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு முன் ஒரு மாதம் நடந்தேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும் பெண்களுக்கு ஒரு கால் மணி நேரம் வாய் சும்மாதான் இருக்கும். அங்கே கதைத்தேன். பிள்ளைக் காம்பராவில் கதைத்தேன். ஓடையைத் தாண்டிக் கிராமத்துக்கும் போனேன். என் சிங்களம் கடைக்குப் போதும், கூட்டத்துக்குப் போதாது. டவுன் கடையில் வேலை செய்யும் பள்ளத்து லயத்துப் பிள்ளை ஒன்று கூட வந்து மொழிபெயர்த்தாள். அங்கே ஒரு வயதான அம்மா கோபமாகத்தான் இருந்தார். மேலே ஊற்றைக் கட்டினால் தங்கள் ஓடைக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லையே என்பது அவருடைய கோபம். கோபம் தணிந்த பிறகு தேத்தண்ணீர் தந்து, "நங்கி, அந்த மேல் ஊற்று மாசி பங்குனியில் வற்றிவிடும், உனக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. மேல் லயத்துப் பெண்களிடம் போய்க் கேட்டேன். "ஆமா மிஸ், வத்தும். அப்ப நாங்க கீழ ஓடைக்குத்தான் போவோம்" என்றார்கள் சாதாரணமாக. பிறகு ஏன் அன்று கை உயர்த்தினீர்கள்? "தலைவர் தூக்கச் சொன்னாரு. நீங்களும் சிரிச்சிக்கிட்டு நின்னீங்க."

தண்ணீர் எடுப்பது பெண்கள். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்பது அவர்களுடைய தலையில் இருக்கிறது. தீர்மானம் எடுத்த அறுபது பேரில் குடம் தூக்குகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். அவர்களும் வாசலோரமாக நின்றார்கள். அந்தத் தொட்டியைக் கட்டியிருந்தால் வருடத்தில் இரண்டு மாதம் அதற்குள் பல்லிதான் இருந்திருக்கும்.

இரண்டாவது கூட்டம் பிள்ளைக் காம்பரா முற்றத்தில் நடந்தது. அது எல்லாருடைய பிள்ளைகளும் படுத்துறங்கும் இடம், அங்கே யாருக்கும் படி கிடையாது. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினோம். நேரத்தைப் பெண்களே சொன்னார்கள்: ஞாயிறு பிற்பகல் இரண்டரை. போயா தினம் வேண்டாம் என்று கிராமத்துப் பெண்கள் சொன்னார்கள், விகாரைக்குப் போக வேண்டும். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு வேண்டாம் என்று தோட்டத்துப் பெண்கள் சொன்னார்கள். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேசை வைக்கவில்லை. எல்லோருக்கும் பாய், படங்கு. தலைவருக்கு மட்டும் ஒரு நாற்காலி வந்துவிட்டது, யார் கொண்டு வந்தார்கள் என்று தெரியாது. அவர் அதில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கால் மணி நேரத்தில் தானாகவே இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். நான் முதலில் அவர் செய்த வேலையைச் சொன்னேன், அந்தப் பதினொரு பயணத்தையும் சொன்னேன். முதல் கூட்டத்தில் அதை நான் சொல்லவே இல்லை. அவரைப் பேச வேண்டாம் என்று அடக்குவதைவிட, அவர் பேச நினைத்ததை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று அனுபவத்தில் கண்டேன்.

பிறகு பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், இளைஞர் ஒரு பக்கம் என்று சிறு சிறு வட்டமாகப் பிரிந்து கதைத்தார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் சிங்களத்தில் மொழிபெயர்ப்பு. இதனால் கூட்டம் இரட்டிப்பு நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும். ஆனால் எதிர்பாராத நன்மை ஒன்று: எவரும் அரை மணி நேரம் பேச முடியவில்லை! இரண்டு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தது.

நிலத்தில் சாம்பலால் தோட்டத்தின் படத்தை வரைந்தோம். லயம், கோயில், ஓடை, கிராமம், மூன்று ஊற்று. குழாய் எங்கே வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். கை உயர்த்தினால் கணவர் பார்ப்பார், தலைவர் பார்ப்பார், மாமியார் பார்ப்பார். கல்லுக்கு முகம் கிடையாது. எல்லோரும் கூட்டமாகக் குனிந்து வைக்கும்போது யாருடைய கல் எது என்று தெரியாது.

கிளிநொச்சி அக்கா வந்திருந்தார், கடைசிப் பாயின் ஓரத்தில். இரண்டு மணி நேரமும் வாய் திறக்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை. கதைக்காதவரைப் பெயர் சொல்லி எழுப்பி "நீங்களும் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்பது பாடசாலைத் தண்டனை போன்றது. கல் வைக்கும்போது மட்டும் அவர் தன் கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போனேன். "விடிய நாலு மணிக்குத் தண்ணி எடுக்கிறது. லைற் இருக்கிற இடத்தில வையுங்கோ" என்றார். அதை நான் உரத்துச் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார். சொன்னேன். மேல் லயத்திலிருந்து ஒரு பெண் "அது சரியான பேச்சு" என்றார். மொழிபெயர்த்தவுடன் கிராமத்து அம்மாவும் தலையை ஆட்டினார். அதன் பிறகு ஏழெட்டுப் பெண்கள் தங்கள் கல்லை எடுத்து இடம் மாற்றி வைத்தார்கள்.

முடிவாக, வற்றாத ஊற்று கிராமத்தின் எல்லையில் இருந்தது. தங்களுக்கும் ஒரு குழாய் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் கிராமத்தார் சம்மதித்தார்கள். தொட்டி சிறியதாகி, குழாயின் நீளம் கூடியது. பள்ளத்து லயத்துக்கு இரண்டு குழாய். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கோயிலுக்குப் பக்கத்தில் தொட்டி வராததால் மேல் லயத்தில் சிலர் இன்னும் என்னுடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோயில் மண்டபம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான். அப்படித் தெரிவான ஒரு சகோதரியை ஒருநாள் பஸ்ஸில் சந்தித்தேன். சபையில் எப்படி என்று கேட்டேன். "கதிரை இருக்கு. கூட்டம் எப்பன்னு மட்டும் கடைசியா சொல்வாங்க" என்றார்.

கிளிநொச்சிச் சகோதரிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அடுத்த கூட்டத்துக்குத் திகதி வைக்கும் முன், வராத ஐம்பது பேரில் பத்துப் பேரின் வீட்டுக்குப் போய் வாருங்கள். அந்தக் கதைக்கும் ஐந்து பேரையும் கூட அழைத்துச் செல்லுங்கள், அவர்களைப் பகைக்க வேண்டாம். போகும்போது கொப்பி கொண்டு போகாதீர்கள். கிணற்றடியில் குறை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஒருமுறை கூட்டத்தைக் கிணற்றடியிலேயே வைத்துப் பாருங்களேன்.

எங்கள் தண்ணீர்க் குழுவில் இப்போது ஒன்பது பேர். ஐந்து பேர் பெண்கள், இருவர் கிராமத்திலிருந்து. பொருளாளராகக் கிளிநொச்சி அக்காவைத் தெரிவு செய்தார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர், அங்கே சங்கக் கடையில் வேலை செய்திருக்கிறார். வங்கியில் கணக்குத் திறக்கப் போனபோது முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக் காம்பராவுக்கு இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. கடிதம் எல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். தோட்டத்தில் பேர் இல்லாத அக்காவுக்கு அதுவும் வருவதில்லை. வேறொருவரைப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். குழுவில் யாரும் சம்மதிக்கவில்லை, தலைவரும் சம்மதிக்கவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை ஒன்பது பேரும் சேர்ந்து கிராம உத்தியோகத்தரிடம் போகிறோம். சேகரித்த சந்தா இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபா, அதுவரை பிள்ளைக் காம்பராவில் ஒரு பால்மா ரின்னுக்குள் இருக்கிறது.